அண்டக் கதிரை அளந்த ஆர்தர் காம்ப்டன்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நம் தலைவர்களின் வரலாற்றை எழுதத் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆதலால் யாம் ஓர் அறிவியல் அறிஞரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். யாம் அறிவியல் பட்டம் பெற்றோம் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வருகின்றோம். பிழை இருப்பின் அறிவியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

இத்தலைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் பாட்டன்மார் ஏரிப் பாசன நிலங்களில் பிறருக்காக நெல்லை அளந்து கொட்டினர். இன்று நம் பிள்ளைகள் திருப்பெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் ஏந்தி நிற்கின்றனர். அளப்பதே அவர்தம் அன்றாடப் பணி. அளத்தல் என்னும் இச்செயலைக் கொண்டு, உலகப் புகழ் பெற்ற பேரறிஞர் ஒருவரின் கொள்கையையே அசைத்துக் காட்டியவர் ஆர்தர் ஹாலி காம்ப்டன். அவர் வாழ்வில் நாம் போற்றத்தக்கதும் உண்டு. குறை கூறத்தக்கதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் ஈண்டுக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

காம்ப்டன் 1892 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் உள்ள ஊஸ்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இலையாஸ் காம்ப்டன் அவ்வூர்க் கல்லூரியில் பேராசிரியராகவும் முதன்மையராகவும் விளங்கியவர். அண்ணன்மார் இருவரும் பின்னாளில் உயர்கல்வி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றனர். கல்வி என்னும் செல்வம் அவ்வீட்டில் பிறக்கும்போதே கிடைத்தது. நம்மில் பலருக்கு அது கிட்டவில்லை என்பதை நினைவிற் கொண்டே இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

இளமையிலேயே வானத்தின்மீது அவருக்கு வேட்கை மிகுந்திருந்தது. 1910 இல் தோன்றிய ஹாலி வால்மீனைப் படம் பிடித்தார். இயந்திரமில்லா வானூர்தி ஒன்றைத் தம் கையாலேயே செய்து பறக்கவிட்டார். கல்லூரி மாணவராய் இருந்தபோது, வட்டமாய் வளைத்த குழாயில் நீரை நிரப்பி, அதனைத் திடீரெனப் புரட்டி, உள்ளே நீர் நகர்வதைக் கொண்டே பூமி சுழல்வதை மெய்ப்பித்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 1913 இல் பட்டம் பெற்றுப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சென்றார். 1916 இல் முனைவர் ஆனார். காம்ப்டன் பட்டம் பெற்ற அதே 1913 இல்தான் நம் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில நியூயார்க் நகரில் கால் வைத்தார்.

தொழிற்சாலையிலிருந்து நோபல் பரிசு வரை

தொழிற்சாலையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற காம்ப்டன் ஓராண்டு கற்பித்தபின் 1917 இல் வெஸ்டிங்ஹவுஸ் விளக்குத் தொழிற்சாலையில் ஆராய்ச்சிப் பொறியாளராகச் சேர்ந்தார். அங்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் உழைத்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று பயின்று, 1920 இல் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். பல ஆண்டுகள் கழித்து, குழல் விளக்கு அமெரிக்காவில் தொழிலாக வளர்வதற்கும் அவர் அளித்த யோசனை துணைபுரிந்தது.

செயின்ட் லூயியில்தான் அவருக்கு அழியாப் புகழ் தந்த கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. எக்ஸ் கதிரைக் கரித்துண்டின்மீது செலுத்தினால் சிதறி வெளிவரும் கதிரின் அலைநீளம் கூடுகின்றது என்று அளந்து கண்டார். ஒரு கோலிக்குண்டு மற்றொன்றின்மீது மோதித் தன் வேகத்தில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிடுகின்றது அன்றோ? அவ்வாறே ஒளியும் எலக்ட்ரானின்மீது துகள்போல் மோதித் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கின்றது என்று 1923 இல் விளக்கினார். இது காம்ப்டன் விளைவு எனப்படும். இதற்காக 1927 இல் சி. டி. ஆர். வில்சனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் தமிழ்நாட்டில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928 இல் கண்ட இராமன் விளைவுக்கும் இக்கண்டுபிடிப்பு ஒரு தூண்டுதல். 1924 இல் கனடாவின் டொரான்டோ நகரில் காம்ப்டன் தம் முடிவுகளுக்காக வாதிட்ட கூட்டத்தில் இராமனும் இருந்தார்.

காஸ்மிக் கதிர் என்பது யாது?

1912 இல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் விக்டர் ஹெஸ் வாயுக் கூண்டில் ஏறி, ஐந்து கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் ஊடுருவும் கதிர்வீச்சை அளந்தார். மண்ணிலிருந்து விலக விலக அது குறைய வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். அதற்கு மாறாக, மேலே செல்லச் செல்ல அது மிகுந்தது. ஆகவே இக்கதிர் மண்ணிலிருந்து அன்று, விண்ணிலிருந்தே வருகின்றது என்பது தெளிவாயிற்று. அண்டவெளியிலிருந்து வருவதால் இவற்றை அண்டக் கதிர்கள் என்றும் காஸ்மிக் கதிர்கள் என்றும் வழங்குகின்றோம்.

இவை எங்கோ தொலைவில் உள்ளவை என்று எண்ண வேண்டா. விண்ணிலிருந்து வரும் துகள்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறி மழைபோல் இறங்குகின்றன. இவ்வரிகளைப் படிக்கும் உங்கள் உள்ளங்கையினூடே நிமிடத்திற்கு ஏறத்தாழ நூறு துகள்கள் பாய்ந்து செல்கின்றன. கூரை வீடாயினும் மாடி வீடாயினும், ஊராயினும் சேரியாயினும், அவை வேறுபாடு பார்ப்பதில்லை.

எழுந்த கருத்து வேற்றுமை

இக்கதிர்களுக்குக் காஸ்மிக் எனப் பெயரிட்டவர் இராபர்ட் மில்லிகன். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1923 இல் நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்க அறிவியல் உலகில் பெருஞ்செல்வாக்கு உடையவர். இக்கதிர்கள் ஒளியைப் போன்று மின்னூட்டம் அற்றவை என்பது அவர் கொள்கை. அவர் கூறியதால் பலரும் அதனை ஏற்றனர்.

இதனைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. பூமி ஒரு பெருங்காந்தம். மின்னூட்டம் உடைய துகள் காந்தப் புலத்தைக் குறுக்கே கடக்கும்போது வளைந்து விலகும், ஒளியோ வளையாது. நடுக்கோட்டருகே பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கின்றன; மேலிருந்து வரும் துகள் அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும்; வலிமை குறைந்தவை திருப்பி அனுப்பப்படும். துருவப் பகுதிகளிலோ அக்கோடுகள் தரைக்குள் இறங்குகின்றன. அவற்றின் வழியே துகள்கள் எளிதாக உள்ளே வரலாம். எனவே கதிர் ஒளியாயின் உலகெங்கும் ஒரே அளவாக இருக்கும்; மின்துகளாயின் நடுக்கோட்டில் குறைந்தும் உயர் அட்சரேகைகளில் மிகுந்தும் இருக்கும்.

1927 இல் ஜேக்கப் கிளே என்னும் டச்சு அறிஞர் ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் இடையே ஸ்லாமட் என்னும் கப்பலில் கருவியுடன் பயணம் செய்தார். நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கதிர் குறைவதைக் கண்டு எழுதினார். ஆயினும் வேறு சிலருடைய கருவிகள் அவ்வேறுபாட்டைக் காட்டவில்லை. கருவியின் பிழையாக இருக்கலாம் என்று உலகம் கிளேயின் முடிவை ஐயத்துடனேயே நோக்கியது.

உலகம் சுற்றிய அளவீடு

காம்ப்டன் ஒரு பக்கம் சாய்ந்து வாதம் செய்யவில்லை. அளந்து பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார். கார்னெகி நிறுவனத்தின் பொருளுதவியுடன் 1932 இல் உலகெங்கும் ஆய்வுக் குழுக்களை அனுப்பினார். அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அளவெடுக்கப்பட்டது. காம்ப்டன் தம் மனைவியுடனும் பள்ளி வயது மகனுடனும் ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பெரு, மெக்சிகோ, வடகனடா ஆகிய இடங்களுக்குத் தாமே சென்றார். நம் துணைக்கண்டத்துப் பணியை லாகூர் பார்மன் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் பெனேட் ஏற்றார்.

இங்கு நம் தொழிற்சாலை இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழுக்கள் பல, நாடுகள் பல, ஆனால் கருவியின் அமைப்பு ஒன்றே. பத்து சென்டிமீட்டர் அளவுள்ள எஃகுக் கோளத்தினுள் காற்றழுத்தத்தைப் போல் முப்பது மடங்கு அழுத்தத்தில் ஆர்கான் வாயு அடைக்கப்பட்டிருந்தது. கதிர் பாயும்போது அவ்வாயு அயனியாகி மிகச் சிறு மின்னோட்டம் எழும். அதனை நுண்ணிய மின்னளவியால் அளந்தனர். சுற்றுப்புறப் பாறைகளின் கதிர் கலவாதவாறு கோளத்தைச் சுற்றி வெண்கலத்தாலும் ஈயத்தாலும் கவசம் இட்டனர். ஒவ்வோர் இடத்திலும் குறித்த தொலைவில் ரேடியத்தை வைத்து அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். தொழிற்சாலையில் அளவுகோலைத் தரக்கட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றோம் அன்றோ? அதே முறைதான் இது. கருவி சரியில்லையேல் ஆயிரம் முறை அளந்தும் பயனில்லை.

இம்முயற்சி உயிர்ப்பலியும் கொண்டது. அலாஸ்காவின் மக்கின்லி மலையில் கதிரை அளக்கச் சென்ற ஆலன் கார்ப், தியோடர் கோவன் என்னும் இருவர் 1932 மே திங்களில் பனிப்பாளத்தில் மாண்டனர். ஓர் அட்டவணையில் உள்ள எண்களுக்குப் பின்னே இத்தகைய தியாகமும் மறைந்திருக்கின்றது.

முடிவு தெளிவாக வெளிப்பட்டது. கடல் மட்டத்தில் நடுக்கோட்டைவிட உயர் அட்சரேகைகளில் கதிர் ஏறத்தாழ 14 விழுக்காடு மிகுந்திருந்தது. உயர்ந்த மலைகளில் வேறுபாடு இன்னும் பெரிது. 4,000 மீட்டருக்கு மேல் ஏறத்தாழ 33 விழுக்காடு. ஆக, கதிர்களில் பெரும்பகுதி மின்துகள்களே. 1932 டிசம்பரில் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் காம்ப்டனும் மில்லிகனும் நேருக்கு நேர் மாறுபட்டனர். நாளேடுகள் அச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டன. பின்னர் மில்லிகனுடைய துணைவர் நேஹரின் கருவியும் அவ்வேறுபாட்டைக் காட்டிற்று. மில்லிகனும் அதனை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரியவர் கூறினார் என்பதனால் பொய் மெய்யாவதில்லை; சிறியவர் கூறினார் என்பதனால் மெய் பொய்யாவதும் இல்லை.

கப்பலில் அமைந்த ஆய்வுக்கூடம்

வென்றுவிட்டோம் என்று காம்ப்டன் ஓய்ந்திருக்கவில்லை. ஓரிடத்தில் ஒருமுறை எடுத்த அளவு போதாது என்பது அவர் எண்ணம். 1936 இல் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்துக்கும் இடையே ஓடிய அயோராங்கி என்னும் பயணிகள் கப்பலில் ஒரு கருவியை ஏற்றினார். வடக்கே 49 பாகையிலிருந்து நடுக்கோட்டைக் கடந்து தெற்கே 34 பாகை வரை அக்கப்பல் போய்ப் போய் மீண்டது. கருவி இரவும் பகலும் தானே படச்சுருளில் பதிவு செய்தது.

கப்பலை ஏன் தேர்ந்தார்? கடல்மேல் எங்கும் ஒரே மட்டம். மலையேற்ற இறக்கம் இல்லை. கடல்நீரில் பாறைகளைப் போன்ற கதிரியக்கம் இல்லை. ஒரே கருவி, ஒரே இடத்தில் அமர்ந்தவாறே, எல்லா அட்சரேகைகளையும் மெல்லக் கடக்கின்றது. ஒரு பயணத்தில் நேர்ந்த பிழையை அடுத்த பயணம் காட்டிக் கொடுக்கின்றது.

பல பயணங்களின் பதிவுகளைத் தொகுத்துக் காம்ப்டனும் டர்னரும் 1937 இல் வெளியிட்டனர். நடுக்கோட்டருகே கடல் மட்டக் கதிர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதனினும் வியப்பானது மற்றொன்று. நடுக்கோட்டிலிருந்து வடக்கே செல்லச் செல்ல மிகுந்துகொண்டே வந்த கதிர், உயர் அட்சரேகைகளை எட்டியதும் மேலும் மிகாமல் ஒரே அளவில் நின்றது. அங்கே காந்தப் புலம் வலிமை குறைந்த துகள்களையும் உள்ளே விடுகின்றது. ஆனால் அவை காற்று மண்டலத்தைத் துளைத்துக் கடல் மட்டம் வந்து சேர இயலாமல் நடுவிலேயே தேய்ந்துவிடுகின்றன. காந்தம் என்னும் வாயிலைக் கடந்தாலும் காற்று என்னும் வாயிலையும் கடந்தாக வேண்டும்.

வெப்ப மண்டலத்துக்கு அப்பால் பருவத்துக்கேற்பவும் கதிர் சிறிது மாறிற்று; குளிரில் மிகுந்தும் வெம்மையில் குறைந்தும் காணப்பட்டது. காற்று வெப்பமுற்று விரியும்போது துகள்கள் இன்னும் உயரத்தில் பிறக்கின்றன. நெடுவழி வருவதால் பல வழியிலேயே சிதைந்துவிடுகின்றன என்று ஆங்கிலேய அறிஞர் பிளாக்கெட் 1938 இல் விளக்கம் தந்தார். கப்பலில் ஏற்றிய எஃகுக் கோளம் ஒன்று பூமியின் காந்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் ஒருங்கே நமக்கு உணர்த்திற்று.

நம் நாட்டுத் தொடர்பு

காம்ப்டன் 1926-27 ஆம் கல்வியாண்டில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் பணியாற்றினார். அந்த 1927 மார்ச் திங்களில்தான் மகத் நகரத்துச் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றார். விண்ணின் கதிரை அளக்க அறிஞர்கள் கருவி செய்துகொண்டிருந்த காலத்தில், மண்ணின் நீரைத் தொட நாம் போராட வேண்டியிருந்தது.

பஞ்சாபில் பிறந்த பியாரா சிங் கில் சிகாகோவில் காம்ப்டனிடம் பயின்று 1940 இல் முனைவர் ஆனார். பசிபிக் பெருங்கடலில் பதிவான காஸ்மிக் கதிர் அளவுகளை ஆராய்ந்து 1939 இல் கட்டுரை வெளியிட்டவர் அவர். தாயகம் திரும்பிய அவர் காசுமீரத்துக் குல்மார்க்கில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கும் வழிகோலினார்.

நம் தமிழ்நாட்டின் தென்கோடி காந்த நடுக்கோட்டை ஒட்டியது. இங்கு வலிமை மிக்க துகள்களே வர இயலும். அதனால் வலிமை மிக்க கதிர்களை ஆராய இது தகுந்த இடம். உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இன்றும் இரவு பகலாகத் துகள்களை எண்ணிக்கொண்டிருக்கின்றது. நம் மாணவர்களை ஒருமுறை உதகைக்கு அழைத்துச் செல்வோர், பூங்காவைக் காட்டுவதோடு அமையாது அதனைப் பற்றியும் எடுத்துரைப்பார்களாக.

போரும் அணுவும்

இரண்டாம் உலகப் போரில் காம்ப்டன் சிகாகோ அணு ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். 1942 டிசம்பர் 2 ஆம் நாள் பெர்மியின் குழுவினர் முதல் அணு உலையை இயக்கியது அவர் பொறுப்பில் நிகழ்ந்ததே. 1945 ஜூனில், குண்டைப் போரில் நேரே பயன்படுத்துவதன்றி வேறு வழி தோன்றவில்லை என்று அரசுக்கு அறிவுரை கூறிய நான்கு அறிஞர்களில் அவரும் ஒருவர். ஆகஸ்டில் இரோசிமாவும் நாகசாகியும் அழிந்தன. தம் முடிவை அவர் பின்னரும் விட்டுக்கொடுக்கவில்லை. யாம் அதனை ஏற்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் வாயில்

1945 முதல் 1953 வரை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வேந்தராகக் காம்ப்டன் பணியாற்றினார். அவர் மத நல்லிணக்கத்துக்காக மேடையேறியவர். மக்களை வெறுக்கும் இயல்பினர் அல்லர். ஆயினும் அவர் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்கு இடம் இல்லை. அதே நகரத்தில் செயின்ட் லூயி பல்கலைக்கழகம் 1944 இலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலோ மாணவர்களே குழு அமைத்து வேண்டினர். உயர்படிப்புப் பிரிவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இளநிலைப் படிப்பின் கதவு 1952 இல்தான் திறந்தது. அந்நகரத்துப் பெரிய உயர்கல்வி நிலையங்களுள் கடைசியாகத் திறந்தது அதுவே. அதே 1952 ஜூன் திங்களில் கொலம்பியா பல்கலைக்கழகம் அண்ணல் அம்பேத்கருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

வடகனடாவின் பனிவெளி வரை சென்று வேறுபாட்டை அளந்தவர், தம் வாயிலில் நிலவிய வேறுபாட்டை நீக்க ஏழாண்டுகள் எடுத்துக்கொண்டார். காலம் அவ்வாறு இருந்தது என்று சமாதானம் கூறுவோர் உளர். அடுத்த தெருவில் கதவு திறந்திருந்ததே!

இதனை எழுதுங்கால் எம் இளமை நினைவுக்கு வருகின்றது. யாம் பயின்ற பள்ளி ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இயற்பியல் தராசு இருந்தது. செய்முறை வகுப்பில் பிற மாணவர் எடைக்கற்களை எடுத்து வைப்பர். எம் தெருப் பிள்ளைகள் நால்வர் சுவரோரம் நின்று அவர்கள் கூறும் எண்களை ஏட்டில் எழுதிக்கொள்வோம். தொடாதே என்று எவரும் வாய் திறந்து கூறியதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. யாம் அறிவியலை விட்டுக் கலைப் பாடத்தை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று எம் பள்ளியில் ஆய்வுக் கருவி வந்தால், அதனை முதலில் தொடுவது பின்வரிசை மாணவர்கள்தாம்.

நாம் கொள்ளத்தக்கது

காம்ப்டன் தம் இறுதி ஆண்டுகளிலும் கற்பித்தார். பல்கலைக்கழகச் சாலையில் வாகனங்கள் விரைவதைக் கண்டு, 1953 அளவில் மேம்பட்ட வேகத்தடையையும் வடிவமைத்தார். 1962 மார்ச் 15 ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் மறைந்தார். சொந்த ஊராகிய ஊஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டார்.

இளைஞர்களே, அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் முறையினை. எவர் கூறினும் அளந்து பார், எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலால் அள, ஒருமுறையோடு நில்லாதே, கண்டதைக் கண்டவாறே எழுது. அம்முறையால் காம்ப்டனையும் அளந்தோம். அதனால் அவர் அறிவியலின் பெருமை குறைந்துவிடவில்லை.

இம்முறையை நம் வாழ்வுக்கும் கொணர்வோம். நம் குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கின்றனர்? பெண் பிள்ளைகள் எத்தனை பேர் கல்லூரி செல்கின்றனர்? நம் நிலத்தருகே எழுந்த தொழிற்சாலைகளில் நம்மவர் எத்தனை பேர் நிரந்தரத் தொழிலாளர், எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர்? எல்லாம் மாறிவிட்டது என்பாரும் உளர்; எதுவும் மாறவில்லை என்பாரும் உளர். இரண்டும் அளக்காமல் கூறப்படும் சொற்கள். சங்கத்தின் சார்பில் ஆண்டுதோறும் ஒரே படிவத்தைக் கொண்டு, ஒவ்வொரு குடியிருப்பிலும் இக்கணக்கை எடுத்து ஏட்டில் பதிவு செய்யுங்கள். வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். முதல் ஏட்டுக்கு வேண்டிய கோடுகளைப் போட்டுத் தர யாம் காத்திருக்கின்றோம்.